அரச கந்தோரின் கூரைக்கு சோலர் எப்படி ஏறுகிறது?

கொழும்பில் ஒரு திணைக்களத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கும் ஒருவரின் கேள்வி இது: "எங்கள் கட்டடத்துக்கு சோலர் போடுவது பற்றி ஓர் அறிக்கை தயாரிக்கும்படி பணிப்பாளர் சொல்லியிருக்கிறார். சுற்றியுள்ள தனியார் கம்பனிகள் எல்லாம் எப்போதோ போட்டுவிட்டன. அரச நிறுவனங்கள் மட்டும் ஏன் இவ்வளவு பிந்துகின்றன? போட்ட நிறுவனங்கள் எந்த வழியால் போட்டன? அறிக்கையில் நான் எதை எழுத வேண்டும்?"

தொழில்நுட்பத்தை ஒரு பந்தியில் முடித்துவிடலாம். கொழும்பு வெயிலில் ஒரு கிலோவாட் பனல், ஆண்டுச் சராசரியில், நாளுக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை தரும். அதற்கு ஐந்தாறு சதுர மீற்றர் கூரை வேண்டும். பனலுக்கு 25 வருட உத்தரவாதம், பனல் தரும் மின்சாரத்தைக் கட்டடம் பாவிக்கும் வகையாக மாற்றும் இன்வேட்டருக்கு அதைவிடக் குறைவு. இதெல்லாம் எந்த விற்பனையாளரின் கையேட்டிலும் இருக்கும். பணிப்பாளரும் அதைப் படித்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டிருப்பார். உங்கள் அறிக்கையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தனியார் கம்பனியில் கரண்ட் பில் கட்டுகிறவரும், பில் குறைந்தால் இலாபம் அடைகிறவரும், பனல் வாங்கக் கையெழுத்து வைக்கிறவரும் ஒரே ஆள், அதாவது முதலாளி. அரச கந்தோரில் இந்த மூவரும் வேறு வேறு ஆட்கள். மூவரும் ஒரே மேசைக்கு வந்தால் சோலர் வரும். வராவிட்டால், எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் ஃபைல் தான் தடிக்கும்.

எப்படி என்று பார்ப்போம். மின்கட்டணம் மீண்டெழும் செலவு. ஒவ்வொரு வருடமும் மதிப்பீட்டில் ஒரு தொகை போடுவார்கள், போதாவிட்டால் வேறொரு செலவுத் தலைப்பிலிருந்து மாற்றிக் கொடுப்பார்கள், அதுவும் இல்லாவிட்டால் நிலுவை வைப்பார்கள். அரச நிறுவனங்கள் மின்சார சபைக்கு நிலுவை வைப்பது புதுக் கதையா என்ன? பனல் வாங்குவது மூலதனச் செலவு. அதற்கு வேறு தலைப்பு, வேறு அனுமதி, திறைசேரியில் வேறு வரிசை. அந்த வரிசையில் உங்கள் சோலர் தனியாக நிற்பதில்லை. லிஃப்ட் திருத்தம், வாகனம், ஒழுகும் கூரை எல்லாவற்றோடும் முட்டிமோதிக்கொண்டு நிற்கும். எப்படியோ வாங்கிப் போட்டுவிட்டீர்கள், பில் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் திறைசேரி என்ன செய்யும்? மின்கட்டணத் தலைப்பைப் பாதியாக வெட்டும். அது நியாயம்தான், காசு அவர்களுடையது. ஆனால் கஷ்டப்பட்டு ஃபைலைத் தள்ளிய திணைக்களத்துக்கு ஒரு புதுக் கதிரைகூட மிஞ்சாது.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது, அதை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை. மாதாமாதம் பெரிய பில் ஒன்றைக் கட்டியதற்காக எந்த உத்தியோகத்தருக்கும் கணக்காய்வு ஐயவினா வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பில் வந்தது, கட்டினோம், ரசீது இருக்கிறது, அவ்வளவுதான். சோலர் வாங்கினால் அப்படி இல்லை. ஏன் இந்தக் கம்பனி, ஏன் இந்த விலை, எதிர்பார்த்த யூனிட் ஏன் வரவில்லை, மூன்றாம் வருடம் இன்வேட்டர் பழுதானபோது ஏன் மாற்றவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் வரலாம். அரச செலவை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுக்களும் கூப்பிடலாம்: திணைக்களம் என்றால் கோபா குழு, சபை அல்லது அதிகாரசபை என்றால் கோப் குழு. கையெழுத்து வைத்தவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தாலும் கேள்வி அவரைத் தேடிப்போகும். ஆக, சேமிக்க முயல்பவருக்குத்தான் தலையிடி. சும்மா இருப்பவருக்கு ஒன்றுமில்லை. அரச உத்தியோகத்தர்கள் சோம்பேறிகள் என்று சொல்வது சுலபம். அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் அவர்களுடைய பயம் புத்தியுள்ள பயமாகத்தான் தெரியும்.

பில் கட்டுகிறவர், இலாபம் அடைகிறவர், கையெழுத்து வைக்கிறவர் என்ற மூவரும் ஒரே ஆளாக இருந்த இடங்களில் அரசுகள் சோலருக்கு மிக விரைவாக மாறியிருக்கின்றன. நல்ல உதாரணம் அமெரிக்கக் கரையோரக் காவற்படை. கடலில் மிதக்கும் வழிகாட்டி விளக்குகள் பற்றரியில் எரிந்தன. பற்றரி தீர்ந்தால் கப்பல் அனுப்பி மாற்ற வேண்டும். பற்றரியின் விலையைவிடக் கப்பல் போய்வரும் செலவு பல மடங்கு. 1970களின் பிற்பகுதியில் லொய்ட் லோமர் என்ற அதிகாரி, மிதவையில் ஒரு சிறு பனலை வைத்தால் அந்தப் பயணமே மிச்சம் என்று கணக்குக் காட்டினார். அப்போது பனல் இன்றைய விலையில் இல்லை, யானை விலை. மேலிடம் உடனே தலையாட்டவும் இல்லை. ஆனால் கப்பல் செலவும் பனல் செலவும் ஒரே காவற்படையின் ஒரே பையிலிருந்து போவதால் கணக்கை யாராலும் மறுக்க முடியவில்லை. 1980களில் மிதவைகள் சோலருக்கு மாறின. வரி கட்டுவோரின் காசை மிச்சம் பிடித்ததற்காக ஜனாதிபதி ரீகன் லோமரைப் பாராட்டினார். வேடிக்கை என்னவென்றால், 1979இல் ஜனாதிபதி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் வைத்த 32 சூரிய நீர்ச் சூடாக்கிப் பனல்கள் 1986இல், அதே ரீகனின் காலத்தில்தான், இறக்கப்பட்டன. கணக்கில் நின்ற பனல் தப்பியது, காட்சிக்கு நின்ற பனல் தப்பவில்லை.

நம் பக்கத்தில் இதே மாதிரி ஒன்று யாழ்ப்பாணத்துத் தீவுகளில் நடந்தது. எழுவைதீவுக்கு மின்சார சபை டீசல் ஜெனரேற்றர் ஓட்டியது. டீசலைப் படகில் கொண்டுபோக வேண்டும், விற்கும் யூனிட்டோ நாடு முழுவதற்கும் உள்ள ஒரே கட்டணத்தில். விற்க விற்க நட்டம். அங்கே சூரியன், காற்று, பற்றரி, டீசல் எல்லாம் சேர்ந்த கலப்பு அமைப்பொன்றை ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சபையே போட்டது. கொழும்பில் கூரை சோலர் என்றால் ஆயிரம் சந்தேகம் எழுப்பிய அதே சபைதான் அங்கே இதைச் செய்தது. நட்டம் அதன் சொந்தப் பையில் விழுந்தது, அதுதான் வித்தியாசம்.

சரி, கொழும்புக்கு வருவோம். இங்கே 2016 செப்டெம்பரில் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டம்தான் கூரை சோலரைப் பெரிய அளவில் பரப்பியது. 2020க்குள் 200 மெகாவாட், 2025க்குள் 1,000 மெகாவாட் என்பது இலக்கு. அதற்கு முன் நெட் மீற்றரிங் மட்டும் இருந்தது: நீங்கள் கிரிட்டுக்கு, அதாவது பொது மின் வலையமைப்புக்கு, கொடுக்கும் யூனிட் உங்கள் பெயரில் வரவாக நிற்கும், காசு கிடையாது. 2016இல் மேலும் இரண்டு சேர்ந்தன. நெட் அக்கவுண்டிங்கில் மிச்ச யூனிட்டுக்குக் காசு. நெட் பிளஸ்ஸில் உற்பத்தி முழுவதையும் விற்கலாம், பில் தனியாக வரும். முதல் ஏழு வருடம் யூனிட்டுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50 ரூபா என்று 20 வருட ஒப்பந்தம். வீட்டுக்காரர்களும் தொழிற்சாலைகளும் பாய்ந்து பிடித்தார்கள். அரச கந்தோர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தன. காரணம் மேலே சொன்னதுதான்.

கந்தோர்களை அசைத்தது 2022. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. அதற்குப் பின் வந்த கட்டண உயர்வுகள் இன்னும் பலமான அடி: ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். ஒன்பது வருடம் ஏறாமல் இருந்த கட்டணம் ஆறு மாதத்தில் ஏறக்குறைய மூன்று மடங்காகியது. மீண்டெழும் செலவுத் தலைப்பில் போட்டிருந்த தொகை வருட நடுவிலேயே தீர்ந்தது, வேறு தலைப்பிலிருந்து மாற்றவும் காசில்லை. அப்போதுதான் கணக்காளர் முதல் தடவையாகப் பொறியியலாளரின் அறைக் கதவைத் தட்டினார். என் பார்வையில், எந்தப் பசுமைக் கொள்கையும் சாதிக்காததை அந்த இரண்டு கட்டண உயர்வுகள் சாதித்தன. உங்கள் அறிக்கையில் சூழலைப் பற்றி நாலு வரி எழுதுங்கள், தப்பில்லை. பணிப்பாளர் படிக்கப்போவது கடந்த மூன்று வருடப் பில் அட்டவணையைத்தான்.

சொந்தத் தலைப்பில் வாங்குவது ஒரு வாசல் என்றால், இன்னொரு வாசல் வெளிநாட்டு உதவி. தலைப்பு தேட வேண்டியதில்லை, பெறுகையின் (கொள்வனவு நடைமுறையின்) பெரும்பகுதியை வேறொருவர் பார்த்துக்கொள்வார், பொருள் தயாராக வந்து இறங்கும். அதனால் இது இலகு, ஆனால் நேரம் உங்கள் கையில் இல்லை. 2018 மார்ச்சில் டில்லியில் நடந்த சர்வதேச சூரியக் கூட்டணியின் ஸ்தாபக மாநாட்டில் அறிவிக்கப்பட்ட 100 மில்லியன் டொலர் இந்தியக் கடன் வசதிக்கு, இந்திய ஏற்றுமதி-இறக்குமதி (எக்சிம்) வங்கியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 ஜூனில். அரச கட்டடங்களின் கூரைகளும் அந்தத் திட்டத்தில் இருந்தன. பின்னர் இந்திய நன்கொடையில் 25 மாவட்டங்களிலும் 5,000 மதத் தலங்களுக்குத் தலா 5 கிலோவாட் வீதம் மொத்தம் 25 மெகாவாட் போனது. 2025 ஏப்ரலில் மோடி வந்தபோது அது தொடக்கி வைக்கப்பட்டது. கோயிலுக்கும் விகாரைக்கும் வந்த பனல் பக்கத்துக் கந்தோருக்கு வரவில்லையே என்று கேட்டால், கோயிலுக்கு நிதிப் பிரமாணம் (அரச செலவு விதிகள்) கிடையாது என்பதுதான் பதில்.

உதவிக்குப் பின்னால் அரசியல் வந்து குந்தினால் என்ன ஆகும் என்பதற்கு நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக் கதை இருக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கி ஆதரவு டெண்டரில் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கம்பனி தெரிவானது. இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது, வேலை நின்றது. அப்புறம் 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையாக அதே திட்டம் மாறி, 2024 மார்ச்சில் ஒரு பெங்களூர்க் கம்பனியோடு ஒப்பந்தமானது. மூன்று தீவுகளும் அதுவரை டீசல் புகையோடு காத்திருந்தன.

மூன்றாவது வாசல்தான் உங்களிடம் அடிக்கடி வரப்போவது: கூரையை வாடகைக்குக் கொடுப்பது. தனியார் முதலீட்டாளர் தன் செலவில் பனல் போடுவார். ஒன்றில் உங்களுக்கு மலிவாக மின்சாரம் விற்பார், அல்லது கிரிட்டுக்கு விற்றுவிட்டு உங்களுக்கு வாடகையோ பங்கோ தருவார். மூலதனத் தலைப்பே தேவையில்லை என்பதால் உலகம் முழுவதும் அரசுகள் இந்த வழியை விரும்புகின்றன. நெவாடாவில் நெல்லிஸ் விமானப்படைத் தளம் 2007இல் 14 மெகாவாட் அமைப்பை இப்படித்தான் பெற்றது. தளம் நிலத்தைக் கொடுத்தது, முதலீட்டாளர் கட்டினார், தளம் யூனிட்டை வாங்கியது.

கொழும்பில் இதில் மூன்று இடத்தில் கால் இடறும். ஒன்று, 20 வருடம். அவ்வளவு நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட உங்கள் திணைக்களத் தலைவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதை அமைச்சின் சட்டப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது செல்லாது. அடுத்தது, ஏழாம் வருடம் கூரை ஒழுகினால் பனலைக் கழற்றி மீண்டும் பூட்டும் செலவு யாருடையது, அந்த நாட்களின் உற்பத்தி இழப்பை யார் தாங்குவது என்பது. நான் பார்த்த வரைவுகளில் இந்த வாசகம் இருப்பதில்லை, அல்லது முதலீட்டாளருக்குச் சாதகமாக இருக்கும். மூன்றாவதாக, முதலீட்டாளர் தன் கம்பனியை வேறொருவருக்கு விற்றால் உங்கள் கூரையில் ஏறப்போவது யார்? ஒப்பந்தத்தில் உங்கள் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்று இருக்க வேண்டும்.

இனி கணக்கு. இதைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் விற்பனையாளர்கள் தரும் தாளில் இது பிழையாகத்தான் இருக்கும். 100 கிலோவாட் அமைப்பு என்று எடுப்போம். ஒரு கிலோவாட்டுக்கு வருடம் 1,300 யூனிட் என்றால் மொத்தம் 130,000 யூனிட். யூனிட் 35 ரூபா, அமைப்பின் விலை 1.6 கோடி என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள். விற்பனையாளர் 130,000ஐ 35ஆல் பெருக்கி, வருடம் 45.5 இலட்சம் மிச்சம், மூன்றரை வருடத்தில் போட்ட காசு வந்துவிடும் என்பார். ஆனால் உங்கள் கந்தோர் வருடத்தில் சுமார் 240 நாள்தான் திறந்திருக்கும். சனி, ஞாயிறு, போயா, மற்ற விடுமுறைகள் எல்லாம் சூரியனுக்குத் தெரியாது. ஆக சுமார் 85,500 யூனிட்தான் உள்ளே செலவாகும், அதுவும் வேலை நாள் உற்பத்தி முழுவதையும் நீங்களே பாவித்தால். மீதி 44,500 யூனிட் கிரிட்டுக்குப் போகும். அங்கே கிடைக்கும் விலை வேறு. 2022 நெருக்கடிக்குப் பின் 500 கிலோவாட் வரையான கூரைகளுக்கு 37 ரூபாவாக ஏறிய அந்த விலை, 2024இல் 27 ரூபாவாக இறங்கியது. 2025இல் அமைப்பின் அளவுக்கேற்பப் படி படியாகப் பிரித்து இன்னும் இறக்கினார்கள். 17 ரூபா என்று வைத்தால் உள்ளே பாவித்ததில் சுமார் 29.9 இலட்சம், வெளியே கொடுத்ததில் 7.6 இலட்சம், மொத்தம் 37.5 இலட்சம். மூன்றரை வருடம் நாலேகாலுக்கு மேல் போய்விட்டது. அதுவும் பரவாயில்லை, நல்ல முதலீடுதான்.

ஆனால் அந்த 7.6 இலட்சம் யாருக்கு? அரசியலமைப்பின் 149ஆம் உறுப்புரைப்படி குடியரசின் வருமானங்கள் அரசின் பொதுப் பையான திரட்டு நிதியத்துக்குப் போக வேண்டும். ஒரு திணைக்களம் சோலர் விற்ற காசைத் தன் அலுமாரியில் வைத்து அடுத்த வருட இன்வேட்டருக்குச் செலவழிக்க முடியாது. சொந்த நிதியம் உள்ள அதிகாரசபை, கூட்டுத்தாபனம், பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு நிலைமை வேறு. ஆகையால், நீங்கள் திணைக்களமா, தனிச் சட்டத்தால் உருவான நியதிச்சட்ட சபையா என்பதுதான் எந்த முறையைத் தெரிவது என்பதைத் தீர்மானிக்கிறது. திணைக்களத்துக்கு, யூனிட்டை யூனிட்டாகவே வரவு வைக்கும் நெட் மீற்றரிங் கணக்கு வழக்கில் நிம்மதி. அதிகாரசபைக்கு நெட் அக்கவுண்டிங் சரிவரும். இந்த ஒரு விஷயத்தைப் பொறியியலாளரிடம் கேட்காதீர்கள், கணக்காளரிடம் கேளுங்கள். அவர் இல்லை என்று சொல்லும் வழியில் போய்ப் பிரயோசனம் இல்லை.

பில்லில் இன்னொரு வரி இருக்கிறது, அதிகபட்சக் கேள்வி. 42 கேவீஏக்கு (இணைப்பின் கொள்ளளவை அளக்கும் அலகு) மேற்பட்ட இணைப்புள்ள கட்டடங்களுக்கு யூனிட் கட்டணத்தோடு, மாதத்தில் எந்தப் பதினைந்து நிமிடத்தில் ஆகக் கூடுதலாக இழுத்தீர்களோ அதற்கும் ஒரு கட்டணம் வரும். சோலர் இதைப் பெரிதாகக் குறைக்காது. மாதம் முழுவதும் வெயில் எறித்தாலும், ஒருநாள் மத்தியானம் மேகம் மூடி, ஏசி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் போதும், அந்த மாதத்துக்குப் பழைய உச்சம்தான். யூனிட் சேமிப்பை மட்டும் கணக்கில் எடுங்கள். கேவீஏ வரியில் ஒரு சதமும் குறையாது என்றே எழுதுங்கள். பிறகு குறைந்தால் சந்தோஷம்.

கரண்ட் போனால் சோலர் வேலை செய்யும் என்று பணிப்பாளர் நினைத்துக்கொண்டிருக்கலாம். 2022இல் கொழும்பில் எத்தனையோ பேர் இந்த ஏமாற்றத்தைப் பட்டார்கள். கிரிட்டோடு இணைந்த சாதாரண இன்வேட்டர், கிரிட் போன கணமே தானும் நின்றுவிடும். இல்லாவிட்டால் லைனில் வேலை செய்யும் மின் ஊழியருக்கு உங்கள் கூரையிலிருந்து ஷொக் அடிக்கும். மின்வெட்டிலும் ஓட வேண்டும் என்றால் பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் வேண்டும். விலை கணிசமாகக் கூடும். ஆஸ்பத்திரிக்கும் தரவு மையத்துக்கும் அது யோசிக்க வேண்டியது. கோப்பறைக்கு வேண்டாம்.

கூரைக்கு வருவோம். கொழும்பின் பழைய அரச கட்டடங்களில் அஸ்பெஸ்டஸ் கூரை நிறைய. அதில் துளை போடுவது ஒன்று உடைவுக்கு வழி, மற்றது தூசு நெஞ்சுக்குக் கேடு. அப்படியான கூரை என்றால் முதலில் தகடு மாற்றும் செலவைத் திட்டத்துக்குள் சேருங்கள். சேர்த்ததும் நாலேகால் வருடம் இன்னும் நீளும், அதையும் மறைக்காதீர்கள். கோட்டைப் பக்கத்துக் காலனித்துவக் காலக் கட்டடம் என்றால் தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. செத்சிறிபாய மாதிரிப் பல நிறுவனங்கள் குடியிருக்கும் தொகுதி என்றால் கூரை யாருடையது, மீற்றர் யாருடையது என்பதே ஒரு தனி ஃபைல். உயர்மாடிக் கட்டடத்தில் மாடி இருபது இருந்தாலும் கூரை ஒன்றுதான், அதிலும் பாதியைத் தண்ணீர்த் தாங்கியும் ஏசியும் பிடித்திருக்கும். பில்லில் பத்து வீதம்கூடக் குறையாமல் போகலாம். அப்படியான இடத்தில் சோலரைவிட ஏசியையும் விளக்கையும் மாற்றுவதுதான் முதல் வேலை என்று துணிந்து எழுதுங்கள்.

கொழும்புக்கே உரிய இன்னும் இரண்டு. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று. தாங்கிச் சட்டமும் ஆணியும் சாதாரண இரும்பு என்றால் சில வருடத்தில் துருப்பிடித்து உதிரும். மற்றது நிழல். யூனியன் பிளேஸ், கொம்பனித்தெருப் பக்கம் பக்கத்துக் காணியில் நாளை முப்பது மாடி எழும்பினால் உங்கள் 20 வருடக் கணக்கு அன்றோடு முடிந்தது. நகர அபிவிருத்தி அதிகாரசபையில் அயல் காணிகளுக்கு என்ன அனுமதி நிலுவையில் இருக்கிறது என்று விசாரிப்பதற்குக் காசு செலவாகாது.

கிரிட்டின் நிலைமையும் 2025இல் மாறிவிட்டது. பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு முற்பகல், நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் தொடக்கம் என்று அமைச்சர் சொன்னதை நாடே சிரித்துக் கேட்டது. ஆனால் குரங்கு எல்லா நாளும் பாயும். ஞாயிற்றுக்கிழமையில் பாவனை குறைவு, சூரிய உற்பத்தி அதிகம், அதிர்வைத் தாங்கிப் பிடிக்கும் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு. அதனால்தான் ஓரிடத்துக் கோளாறு முழு நாட்டையும் விழுத்தியது. அந்த ஏப்ரலில் புதுவருடக் காலத்தில், 13ஆம் திகதி முதல் 21 வரை, பிற்பகல் மூன்று மணி வரை கூரை சோலரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. இது அரச கந்தோர்களுக்கு நேராகப் பொருந்தும் செய்தி. கந்தோர் மூடியிருக்கும் ஞாயிறும் விடுமுறையும்தான் கிரிட்டுக்கு உங்கள் யூனிட் வேண்டாத நாட்கள். ஆகவே கூரை எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு பனல் என்ற பழைய கணக்கை விட்டுவிட்டு, வேலை நாள் பகலில் கட்டடம் இழுக்கும் அளவுக்குப் போடுங்கள். இதில் ஆஸ்பத்திரிகள் கொடுத்து வைத்தவை, ஞாயிறும் போயாவும் அங்கே வேலை நாள்தான். பாடசாலை நேர் எதிர். ஒன்றரை மணிக்கு மணியடித்ததும் பாவனை ஏறக்குறையப் பூச்சியம், தவணை விடுமுறையில் முழுப் பூச்சியம். பாடசாலைக் கூரையில் பெரிய அமைப்புப் போடும் யோசனை வந்தால், அதை மின்சாரச் சேமிப்பு என்று எழுதாமல் மின்சார விற்பனை என்றே எழுதிக் கணக்குப் பாருங்கள்.

டெண்டரில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 ஜனவரி முதல் புதிய பெறுகை வழிகாட்டல்கள் நடைமுறையில் இருக்கின்றன. பழைய கோப்பிலிருந்து வார்ப்புருவை எடுத்துப் பிரதி பண்ணாதீர்கள். நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவு செய்த வழங்குநர்களை மட்டும் கேளுங்கள். ஒரு கம்பனி தரும் விவரக்குறிப்பை அப்படியே உங்கள் ஆவணத்தில் ஒட்டினால், மற்ற எல்லாரும் முறைப்பாடு செய்வார்கள், அவர்கள் செய்வது சரி. விலையை மட்டும் பார்க்காமல், முதல் ஐந்து வருடத்தில் ஒவ்வொரு வருடமும் தர வேண்டிய குறைந்தபட்ச யூனிட்டையும், குறைந்தால் நட்டஈட்டையும் நிபந்தனையாக வையுங்கள். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவுக்கு மின் பொறியியலாளரோடு ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரையும் கேளுங்கள், கூரை தாங்குமா என்று கையெழுத்திட ஓர் ஆள் வேண்டும். டெண்டருக்கு முன்பே உங்கள் பகுதிக்கு மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்திடம் (கோட்டே, நுகேகொடைப் பக்கம் என்றால் அது லெகோ), உங்கள் ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பனல் ஏறி ஆறு மாதம் இணைப்புக்காகக் காத்து நிற்பதற்கு இந்தக் கடிதம் இல்லாததுதான் வழக்கமான காரணம்.

ஆக, அறிக்கையில் முதல் பக்கத்தில் கடந்த 36 மாதப் பில். அதற்குக் கீழே மீற்றரிலிருந்து எடுத்த வேலை நாள், விடுமுறை நாள் பாவனை வரைபு. கேட்டால் மின் விநியோக நிறுவனம் இதைத் தரும், கேட்பதற்குத்தான் ஆளில்லை. பிறகு கூரையின் உரிமை, நிலை, நிழல். பிறகு காசு வரும் மூன்று வழியும், உங்கள் நிறுவனத்தின் சட்ட நிலைக்கு எது பொருந்தும் என்பதும். சேமிப்பில் ஒரு பகுதியை அடுத்த இரண்டு வருடத்துக்கு நிறுவனத்தின் பராமரிப்புத் தலைப்பிலேயே விட்டுவைக்கும்படி திறைசேரியிடம் அமைச்சு மூலம் கேட்கலாம் என்று ஒரு பரிந்துரையும் சேருங்கள். மறுத்தாலும் பரவாயில்லை, கேட்டது கோப்பில் இருக்கும்.

கடைசியாக ஒரு சில்லறை வேலை. பனல் கழுவுவதற்கும், காக்கை எச்சம் துடைப்பதற்கும், இன்வேட்டரைப் பார்ப்பதற்கும் வருடாந்த ஒப்பந்தம் ஒன்று வேண்டும். அது மீண்டெழும் செலவு. சோலர் மூலதனத்தில் வந்ததால் இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த வருட மதிப்பீட்டை அமைச்சுக்கு அனுப்பும் முன் கணக்காளரிடம் சொல்லி அந்தத் தலைப்பைத் திறந்து வையுங்கள்.